மூன்றாவது குளிசை

16.07.1961, ஞாயிறு, மத்தியானம்.
ஒரு சிறு பிழை விட்டிருக்கிறேன். குளிசை இருபது நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது என்று ஐந்து நாளும் எழுதியிருக்கிறேன். விழுங்கிய நேரத்தை டிஸ்பென்சரி மணிக்கூட்டில் பார்த்தேன். தொடங்கிய நேரத்தை வகுப்பு மணிக்கூட்டில் பார்த்தேன். வகுப்பு மணிக்கூடு நாற்பது நிமிடம் பிந்தியது. ஆகவே இருபது அல்ல, அறுபது.

இவ்வளவும் எழுதிவிட்டு யோகலிங்கம் "சிறு" என்ற சொல்லைப் பார்த்தான். அதைக் கோடிட்டு வெட்டினான். பிறகுதான் அவனுக்கு கொன்ஸ்ரன்ரைனின் ஞாபகம் வந்தது. பேனையை மூடாமலே எழுந்தான்.

அவனுக்கு இருபது வயது. தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி எடுத்து வயல் செய்கிறவர். மகன் புதுக்குடியிருப்பில் மயில்வாகனம் அப்போதிக்கரியின் டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டு, அதன் பின்னறையிலேயே தங்கியிருந்தான். பின்னேரங்களில் அப்புத்துரை மாஸ்டரின் வகுப்புக்குப் போவான். சோதனை பாஸ் பண்ணினால் ஒரு நாள் தானும் அப்போதிக்கரியாகலாம் என்பது அவனுடைய நினைப்பு. அந்த நினைப்பை அவன் கொப்பியில் எழுதி, பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தான்.

அப்புத்துரை மாஸ்டரின் வகுப்பு தொடங்குவது ஆட்கள் சேர்ந்ததும். முடிவது மட்டும் சுவர் மணிக்கூட்டின்படி, சரியாக எட்டு மணிக்கு. எட்டாவதற்கு முன்னமே பிள்ளைகள் கொப்பியை மூடுகிறார்கள் என்று, மாஸ்டர் ஒரு நாள் கதிரையில் ஏறி முள்ளை நாற்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டார். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார். தெரியாததுபோல அவர்களும் இருந்துகொண்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முள்ளைப் பார்த்ததும் மனதுக்குள் நாற்பதைக் கூட்டிக்கொள்வார்கள். யோகலிங்கத்துக்குப் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்றும் இல்லை. அறை பக்கத்திலேயே இருந்ததால் கூட்டும் பழக்கம் அவனுக்கு வரவேயில்லை.

குளிசை சின்னது, வெள்ளை. தூர இடத்துக்கு ஓடும் லொறிக்காரர் நித்திரை வராமலிருக்க அப்போதிக்கரியிடம் கேட்டு வாங்குவது. பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வகுப்பில் கண் சொருகுகிறதே என்று, திங்கட்கிழமை யோகலிங்கம் கேளாமல் ஒன்றை எடுத்தான். ஆறு மணிக்கு டிஸ்பென்சரி மணிக்கூட்டைப் பார்த்து விழுங்கினான். வகுப்புச் சுவரில் ஆறு இருபது ஆனபோது, எழுத்துகள் தாளிலிருந்து ஒரு நூல் உயரம் எழும்பி நிற்பது போலிருந்தது. விளக்கைச் சுற்றிய ஈசல்களின் சிறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அட்சரகணிதம் தானாகவே அவிழ்ந்தது. அடுத்த நாளும் ஆறு இருபது. அதற்கடுத்த நாளும். ஐந்து நாளும் ஒரே விடை வந்ததால் தன்னையே நம்பாத யோகலிங்கம் அந்த விடையை நம்பினான்.

பக்கத்து வாங்கில் இருந்த கொன்ஸ்ரன்ரைன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். அவன் நாயாற்றில் கரைவலை வைத்திருக்கும் சூசைப்பிள்ளைச் சம்மாட்டியின் மகன். கிழமை நாட்களில் தமக்கை மார்கிறட்டின் வீட்டில் தங்கிச் சந்தையில் மீன் விற்பான். சனி, ஞாயிறில் ஊருக்குப் போய்த் தகப்பனோடு வலை இழுப்பான். முல்லைத்தீவுப் பக்கத்தில் குத்துச்சண்டைக்குப் பேர்போனவன்.

"டேய் லிங்கம், என்னடா போடுறாய்?"

"ஒண்டுமில்லை."

"பொய் சொல்லாதை. நேற்று மாஸ்டர் விட்ட பிழையையே நீ திருத்தினனீ. அது உன்ர மூளை இல்லை."

யோகலிங்கத்தால் பொய்யை அதிக நேரம் பிடித்துவைத்திருக்க முடியாது. சொன்னான். கொன்ஸ்ரன்ரைன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். கயிறு உராய்ந்து காய்த்த கைகள்.

"மூண்டாம் சுற்றில எனக்குக் கை எழும்புதில்லை மச்சான். விடியப்புறம் வலை இழுத்த கை. எமிலியானுக்கு என்ன, கடையில துணி அளக்கிறவன். கை புதுசா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா திருநாளுக்கு அவனோடதான் எனக்குச் சண்டை. திருக்கோணமலையிலயிருந்து ஒரு குத்துச்சண்டை மாஸ்டர் பாக்க வாறார். வெண்டால் என்னைத் தன்ரை கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். நான் காலம் முழுக்கக் கயிறே இழுக்கிறது?"

வெள்ளிக்கிழமை யோகலிங்கம் மூன்று குளிசையைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தான். எதையும் எழுதிக் கொடுத்தால்தான் அவனுக்கு மனம் ஆறும். அதனால் கடதாசியில் எழுதினான்: "இருபது நிமிடத்தில் பிடிக்கும். பிடிக்காவிட்டால் குளிசை பழசாக இருக்கும், இன்னொன்று போடலாம்."

அந்தக் கடைசி வரியைத்தான் இப்போது அவனால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை குளிசையை நிறுத்தியதும், ஐந்து நாள் நித்திரையும் ஒரேயடியாக வந்து அவனை மூடிவிட்டது. சனி பின்னேரம் படுத்தவன் ஞாயிறு மத்தியானம்தான் எழும்பினான். சண்டை நாலு மணிக்கு. கொன்ஸ்ரன்ரைன் மூன்றரைக்கு ஒன்று போடுவான். மூன்று ஐம்பதுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று போடுவான். பிறகும் தெரியாது.

முல்லைத்தீவு பஸ் போய்விட்டிருந்தது. கொப்பியையும் பேனையையும் இடுப்பில் செருகிக்கொண்டு அவன் சைக்கிளை எடுத்தான். நாயாறு இருபத்தைந்து மைல்.

வெயில் தெருவின் மேல் ஓர் அடி உயரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நித்திரை இன்னும் முழுக்கக் கலையவில்லை. கால்கள் வேறு யாருடையவோ போல மிதித்தன. இடையிடையே நந்திக்கடல் மரங்களுக்குள்ளால் தெரிந்தது. தண்ணீரா வானமா என்று பிரிக்க முடியாத வெள்ளை. அதில் கொக்குகள் எங்கும் கால் ஊன்றாமல் நிற்பது போலிருந்தது. வற்றாப்பளை அம்மன் கோயிலின் மணி ஒருமுறை கேட்டது. பூசை மணியா, தன் காதுக்குள் கேட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மைல்கற்களை எண்ணிக்கொண்டு வந்தான். ஒரு கல்லை இரண்டு தரம் கடந்தது போல ஒரு சந்தேகம். திரும்பிப் பார்த்தான். கல் வெயிலில் ஆடிக்கொண்டு நின்றது. எண்ணுவதை விட்டான். அவன் எண்ணத் தொடங்கி, முடிக்காமல் விட்டது அதுதான் முதல் தரம்.

சிலாவத்தை தாண்ட முன்சில்லில் காற்றுப் போய்விட்டது. வழியில் விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண் அவன் குனிந்து காற்றடிப்பதைப் பார்த்து நின்றா.

"எங்கை தம்பி இந்த வெயிலுக்கை பறக்கிறாய்? முகமெல்லாம் செத்துப்போய்க் கிடக்கு."

"நேரம் பிழைச்சுப்போச்சு அக்கா."

"ஆருக்கு?"

அவன் சைக்கிளில் ஏறினான். ஆனால் அந்தக் கேள்வி அளம்பில் வரைக்கும், செம்மலை வரைக்கும் சில்லோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு வந்தது.

நாயாற்றை அடைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஒரு பக்கம் கடல் இரைந்தது. மறுபக்கம் களப்பின் ஆழமில்லாத தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. நடுவில் மணல்திட்டில் சிறு கோயிலும் கடதாசிக் கொடிகளும். ஊர் முழுக்க ஒரே இடத்தில் குவிந்திருந்தது. சண்டை மணிகூட எல்லாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு சத்தம்.

நாயாற்றில் குத்துச்சண்டைக்குத் தூண் நடுவதில்லை. கரைவலைக் கயிற்றைச் சதுரமாக இழுத்து, நாலு மூலைக்கும் நாலு பேர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இரண்டு மூலை ஒரு பக்கத்தாருக்கு, இரண்டு மூலை மற்றப் பக்கத்தாருக்கு. கயிறு தோளில் இருக்கும்வரை சண்டை நடக்கும். எந்தப் பக்கத்தான் கயிற்றை மணலில் போடுகிறானோ அவன் பக்கம் தோற்றது. மறுபேச்சில்லை. வலை கரைக்கு வருமுன் கயிற்றைக் கைவிடுகிறவனை அந்தக் கரையில் ஒருவரும் மனிதனாக எண்ணுவதில்லை. அதனால் யாரும் போட்டதில்லை. கீழே விழுந்து மயங்கினவனைக்கூடக் கயிறு தோளில் இருக்கத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.

கொன்ஸ்ரன்ரைனின் பக்க மூலை ஒன்றில் அவன் தகப்பன் சூசைப்பிள்ளை நின்றார். யோகலிங்கம் ஆட்களைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான்.

உள்ளே கொன்ஸ்ரன்ரைன் ஆடிக்கொண்டிருந்தான். ஆடுகிறான் என்றுதான் சொல்ல வேண்டும். பூசை நீண்டதால் சண்டை பிந்தித் தொடங்கியிருந்தது; இது மூன்றாம் சுற்று. எமிலியான் ஏற்கெனவே வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான். கொன்ஸ்ரன்ரைனின் கைகள் தாளம் தவறாமல் போய்ப் போய் வந்தன. இடது புருவம் வெடித்து இரத்தம் வடிந்தது. அதை அவன் அறிந்ததாகத் தெரியவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில், கால்கள் கிளப்பிய மணல் தூள் இறங்காமல் அவனைச் சுற்றியே நின்றது. பார்க்க அழகாக இருந்தது. ஒரு கணம் யோகலிங்கமும் அந்த அழகில் நின்றுவிட்டான். பிறகு கண்களைக் கண்டான். கருமணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாயிருந்தது. இவ்வளவு வெயிலிலும் நெற்றியில் வியர்வை இல்லை.

"வலை இழுத்த கையடா! பாரடா!" என்று ஒருவன் கத்தினான்.

"துணி அளந்தது காணும் எமிலியான், வீட்டை போ!" என்றான் இன்னொருவன்.

மணி அடித்தது. எமிலியான் கையை இறக்கினான். கொன்ஸ்ரன்ரைன் இறக்கவில்லை. இன்னும் இரண்டு குத்து. நடுவர் இடையில் புகுந்து தள்ளினார். சனம் சிரித்தது. கொன்ஸ்ரன்ரைன் மூலைக்கு வந்தும் இருக்கவில்லை. நின்ற இடத்திலேயே துள்ளினான்.

"கொன்ஸி, எத்தினை போட்டனீ?"

"ஆர், லிங்கமே? வந்திட்டியே!" அவன் பேச்சு ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தது. "மூண்டும் போட்டனான். முதல் ரண்டும் பழசு மச்சான், நீ சொன்னமாதிரி. பொறுத்துப் பொறுத்துப் பாத்தன், ஒண்டுமில்லை. மணியடிக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி மூண்டாவதைப் போட்டன். அதுதான் பிடிச்சது. என்ன பிடி! எனக்கு அலை ஒவ்வொண்டா நிண்டு நிண்டு தெரியுது."

யோகலிங்கம் கணக்குப் பார்த்தான். இப்போது வேலை செய்வது முதலாவது. இரண்டாவது இனித்தான் வரப்போகிறது. மூன்றாவது அதற்கும் பின்னால், வழியில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் சூசைப்பிள்ளையின் தோளைத் தொட்டான்.

"ஐயா, சண்டையை நிப்பாட்டுங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆர் தம்பி நீர்? எமிலியான்ரை ஆளோ?"

"இல்லை ஐயா, கொன்ஸ்ரன்ரைனோட படிக்கிறனான். ஆறு மணிக்கு டிஸ்பென்சரி மணிக்கூட்டைப் பாத்தனான், அங்கை வகுப்பில மாஸ்டர் நாற்பது நிமிஷம் பின்னுக்கு..."

"தம்பி, மணிக்கூட்டுக் கதையை விடும். பிள்ளைக்கு என்ன?"

"நான் அவனுக்கு மருந்து குடுத்தனான். மூண்டு. ஒண்டுதான் இப்ப ஏறியிருக்கு. மற்ற ரண்டும் ஏறினால் நெஞ்சு தாங்காது. அவனுக்குக் களைப்புத் தெரியாது ஐயா. விழுகிறவரைக்கும் தெரியாது."

பக்கத்தில் நின்றவர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவன் யோகலிங்கத்தின் சட்டையைப் பிடித்தான். "வயல்காரப் பொடிக்கு இங்கை என்ன வேலை? வெல்லுற நேரம் பாத்து வந்து நிக்கிறான்!" மறுமூலையில் எமிலியானின் ஆட்கள், "மருந்தோ? மருந்து போட்டே விளையாடுறியள்?" என்று கூவத் தொடங்கினார்கள். கதிரையில் தனியாக இருந்த திருக்கோணமலை மாஸ்டர் எழுந்து நின்றார்.

நாலாம் சுற்றுக்கு மணி அடித்தது.

சூசைப்பிள்ளை மகனைப் பார்த்தார். அவன் எமிலியானை மூலையோடு நெருக்கிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு குத்தில் முடிந்துவிடும் போலிருந்தது. அவருடைய கை கயிற்றை இறுக்கியது. யோகலிங்கம் அந்தக் கையையே பார்த்தான். மகனின் கையைப் போலவே காய்த்த கை. நாற்பது வருடம் கயிறு பிடித்த கை.

"நீ சொல்லுறது பிழையாயிருந்தால்?" என்றார், பார்வையை எடுக்காமல்.

யோகலிங்கம் வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் 'ஓம்' என்று மட்டும் சொன்னதில்லை. ஒரு 'ஆனால்' இருக்கும். இப்போதும் நாக்கு நுனியில் ஒன்று வந்தது. அதை விழுங்கினான்.

"பிழையில்லை ஐயா. பிழை முந்தி விட்டனான். இது சரி. கயிறைப் போடுங்கோ."

சூசைப்பிள்ளை தோளைச் சரித்தார். கயிறு மணலில் விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கரை முழுக்க அது கேட்டதுபோல அடங்கிற்று. சதுரத்தின் ஒரு பக்கம் தொய்ந்து, மற்ற மூலைகளும் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன. கடல் இரைவது மறுபடியும் கேட்கத் தொடங்கியது.

கொன்ஸ்ரன்ரைன் மட்டும் நிறுத்தவில்லை. அவனைப் பிடிக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. யோகலிங்கம் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "களப்புக்குக் கொண்டுவாங்கோ, சூட்டை இறக்கவேணும்" என்றான். முதல் தரமாக எல்லாரும் அவன் சொன்னதைச் செய்தார்கள்.

களப்பில் கழுத்தளவு தண்ணீரில் அவனை இருத்தினார்கள். தகப்பன் ஒரு பக்கம், யோகலிங்கம் மறுபக்கம். தண்ணீர் அசையவில்லை. சூரியன் அவர்களுக்கு முன்னால் தண்ணீருக்குள்ளேயே இறங்குவதுபோல இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் ஓயாமல் கதைத்தான். மீன்கள் தன் காலுக்குள்ளால் போவதைப் பற்றி, அட்சரகணிதத்தைப் பற்றி, திருக்கோணமலையில் தான் எடுக்கப்போகிற அறையைப் பற்றி. அந்த அறைக்கு இரண்டு யன்னல். இரண்டிலும் கடல் இல்லை.

யோகலிங்கம் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். நாடி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு வேகம்? அங்கே ஒருவரிடமும் மணிக்கூடு இல்லை. கரையில் தாய் அருளம்மா முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு 'அருள்நிறைந்த மரியே' தொடங்கி முடிவதற்குள் எண்ணினான். நாற்பத்தொன்பது.

"அம்மா, நிப்பாட்டாதையுங்கோ. இதே வேகத்தில சொல்லுங்கோ."

அவா கண்ணைத் திறந்தா. "மாதாவிட்டை மன்றாட வேகம் பாக்கிறதே, தம்பி?"

"எனக்கு வேற மணிக்கூடு இல்லை அம்மா."

அவா மறுபடியும் கண்ணை மூடினா. அதற்குப் பிறகு ஒரே அளவாகச் சொன்னா. ஒவ்வொரு மணியாக விரலில் நகர்ந்தது. நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்திரண்டு. மூன்றாவது வந்து சேர்ந்துவிட்டது என்று அவன் அறிந்தான். சூசைப்பிள்ளையிடம் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு. கொன்ஸ்ரன்ரைனின் தாடை கிடுகிடுத்தது. தண்ணீரில் அதன் அதிர்வு வட்டம் வட்டமாகப் போய், சிவந்து, எங்கோ கரைந்தது. பத்துப் பத்தாகச் செபமாலை சுற்றி வந்தது. முடிந்ததும் அருளம்மா திரும்பத் தொடங்கினா. ஐம்பது. நாற்பத்தாறு. தண்ணீர் ஊதா நிறமாயிற்று. நாற்பது. முப்பத்தொன்று. அவா சொல்வதும் நாடி அடிப்பதும் களப்பு மூச்சுவிடுவதும் ஒன்றாகிவிட்டன போலிருந்தது. இடையில் தான் நித்திரையாகிவிட்டேனோ என்று யோகலிங்கம் பயந்தான். ஆனால் எண் கையிலேயே இருந்தது. இருபத்தெட்டு.

கொன்ஸ்ரன்ரைன் கதைப்பதை நிறுத்தி வெகுநேரமாயிருந்தது. இப்போது மெல்லக் கேட்டான்.

"நான் வெண்டனானே?"

"இல்லை. கொப்பர் கயிறைப் போட்டவர்."

"அப்புவோ?" அவன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். பகிடி விடுகிறார்கள் என்றுதான் நினைத்தான். சூசைப்பிள்ளை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருக்கோணமலை மாஸ்டர்?"

"போயிட்டார்," என்றார் தகப்பன். "பஸ்ஸுக்கு நிக்கேல்லை, லொறியில ஏறிப் போயிட்டார். உன்ரை கண்ணைப் பாத்தவராம். இப்பிடிக் கண் உள்ளவனைத் தான் கூட்டிக்கொண்டு போறேல்லையாம்."

கரையில் அருளம்மாவின் குரல் நின்றிருந்தது.

"நீ வராட்டி நான் வெண்டிருப்பன் லிங்கம்."

"ஓம்," என்றான் யோகலிங்கம். அதற்குப் பின்னால் ஒரு 'ஆனால்' இருந்தது. அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று பட்டது. மணிக்கட்டை மட்டும் விடவில்லை. கொன்ஸ்ரன்ரைனும் கையை இழுக்கவில்லை. ஆனால் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சூசைப்பிள்ளையின் கரையோர வாடிக் குடிசையில் யோகலிங்கத்துக்கு ஒரு பாயும் சோறும் கிடைத்தன. சோறு வைத்துவிட்டு அருளம்மா, "சாப்பிடு" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு, குப்பிவிளக்கின் கீழ் நனைந்த கொப்பியை விரித்தான். மத்தியானம் எழுதிய மை அங்கங்கே கரைந்திருந்தது. "சிறு" என்ற சொல்லும், அதை வெட்டிய கோடும் மட்டும் தெளிவாக இருந்தன.

16.07.1961, ஞாயிறு, இரவு ஒன்பது மணியளவில். மணிக்கூடு இல்லை, ஆகவே நிச்சயமில்லை.
கொன்ஸ்ரன்ரைன் படுத்திருக்கிறான். நித்திரையில்லை. ஒரு செபத்துக்கு இருபத்திரண்டு. அவன் என்னோடு கதைக்கவில்லை.
போத்தலிலிருந்து கேளாமல் மொத்தம் எட்டு எடுத்தேன். ஐந்து எனக்கு, மூன்று அவனுக்கு.
நாளை: விடிய ஐந்து மணிக்குச் சைக்கிளில் புறப்பட்டு, டிஸ்பென்சரி திறந்ததும் அப்போதிக்கரி ஐயாவிடம் இந்தக் கொப்பியைக் கொடுத்து, எட்டையும் சொல்ல வேண்டும். புறப்படுமுன் நாடியை இன்னொருமுறை பார்க்க வேண்டும்.